கெப் வண்டியின் பின்தட்டும் அதன் காவலும்

நானுஓயாவிலிருந்து அட்டனை நோக்கி இறங்கும் புகையிரதம் கிரேட் வெஸ்டன் மலையின் அடியைச் சுற்றி வந்து, தலவாக்கலையை அடையுமுன் வட்டகொடை நிலையத்தில் நிற்கிறது. நிலையம் சிறியது. ஆயினும் 1885ஆம் ஆண்டில் இருப்புப் பாதை நானுஓயா வரையில் நீண்ட காலந்தொட்டு, இப்பகுதித் தோட்டங்களின் தேயிலை கொழும்புக்குப் போனதும், அரிசியும் உரமும் மலையேறி வந்ததும் இவ்வழியாகத்தான். அந்நாளில் சரக்குப் பெட்டியின் கதவை மூடி, கம்பி கோத்து, ஈய முத்திரையிட்டு அனுப்புவது வழக்கம். ஈயம் மெல்லியது, ஒரு கத்தி முனையால் அறுத்துவிடலாம். அறுத்தவனைத் தடுக்க அதற்குச் சக்தி இல்லை. ஆனால் அறுபட்ட முத்திரையை மீண்டும் பழையபடி ஆக்க முடியாது. ஆதலின் எந்த நிலையத்திற்கும் எந்த நிலையத்திற்கும் இடையே கைவைக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். அம்முறையை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு.

இப்போது மலையகத்தின் சரக்கு பெரும்பாலும் லொறியிலும் கெப் வண்டியிலும் ஏறிச் செல்கிறது. கெப் என்று இந்நாட்டார் கூறுவது முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த தட்டும் உடைய சிறு வண்டியை. அதனினும் சிறியதாய், தோட்டத்துக் குறுகிய வளைவுகளிலும் திரும்பக்கூடியதாய் ஒன்று வந்தது. 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான டாட்டா ஏஸ் என்னும் அவ்வண்டி இலங்கையில் 'பட்டா' என்ற பெயரால் வழங்குகிறது. கொழுந்துச் சாக்கு, விறகு, மரக்கறிக் கூடை, கல்யாணப் பந்தல், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி ஆகிய யாவும் அதன் முதுகில் ஏறுகின்றன. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் பல தோட்டங்களில் இவ்வண்டியே.

இவ்வண்டிகளிற் பல, தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்துச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியை லீசிங் தவணையாகச் செலுத்தி ஓட்டுபவை. ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் அந்நாளின் வருமானம் போய்விடும்; தவணை மட்டும் நிற்பதில்லை. வண்டியை முழுதாகக் களவாடுவது அரிய காரியம். அதற்கு இலக்கத் தகடு உண்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு உண்டு, மலைப்பாதையில் வெளியேறும் வழியும் ஒன்றிரண்டே. பின்தட்டைச் சார்ந்த பொருள்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மாற்றுச் சில்லு, பற்றரி, படங்கு, கயிறு, ஜாக்கி, ஆயுதப் பெட்டி, கூடாரக் கம்பி, பின்கதவு ஆகியவற்றை ஒருவன் தோளில் வைத்துக்கொண்டு இறப்பர்ச் செருப்போடு ஒற்றையடிப் பாதையிலே மறைந்துவிடலாம்.

தோட்டத்து அமைப்பும் இதற்கு இடங்கொடுக்கிறது. லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் அங்கே குடியிருப்போருக்கு வண்டி இருக்கும் என்று எவரும் எண்ணியதில்லை. லயத்துக்கு முன்னால் உள்ள வாசல் ஒரு கட்டில் போடும் அகலந்தான். வண்டிப்பாதை மேலே நின்றுவிடும். வீடு நூறு படிகளுக்குக் கீழே இருக்கும். ஆகவே வண்டி இரவெல்லாம் தெருவோரத்திலோ, கோயில் முற்றத்திலோ, கடைவீதியிலோ தனித்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழையின் ஓசை மற்றெல்லா ஓசையையும் விழுங்கிவிடும். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது மனிதனா மரமா என்று சொல்ல முடியாது.

திருடப்பட்ட பொருளுக்கு வாங்குவோர் இருக்கும் வரையில் திருட்டும் இருக்கும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. டயரும் பற்றரியும் உதிரிப்பாகமும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கப்படுபவை. அவற்றின் விலை அதற்கேற்ப ஏறிற்று. புதிய வண்டி வாராத நாட்டில் பழைய வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றும் பொன்னாயிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதாயினும், பழைய உதிரிப்பாகத்துக்கு உள்ள கிராக்கி ஒரே நாளில் மறைவதன்று. பற்றுச்சீட்டுக் கேளாமல் மலிவாக வாங்கும் வழக்கம் பலரிடமும் உண்டு. நேற்று இழந்தவன் இன்று அதே வகைப் பொருளைச் சந்தையில் விசாரியாமல் வாங்குகிறான் என்பது சற்றுக் கசப்பான உண்மை.

இனி ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு கழற்றப்படுகிறது என்பதை அறிந்தால் அதை எவ்வாறு காப்பது என்பது தானே விளங்கும். பின்கதவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பின்தட்டு வண்டிகள் மிகுதி; அங்கே பின்கதவுத் திருட்டு நெடுநாளைய தொல்லை. அந்நாட்டு வண்டிகள் பலவற்றிலும், இங்கே ஓடும் சப்பானியக் கெப்கள் சிலவற்றிலும், கதவின் ஒரு பக்கத்துக் கீல் முழு வளையமாக இராமல் ஒரு பக்கம் வாய் திறந்த கிண்ணமாக இருக்கும். கதவைப் பாதியளவு சாய்த்து, இரு பக்கத்துக் கம்பி வார்களையும் கொழுக்கியிலிருந்து நீக்கி, அந்தப் பக்கத்தை மேலே தூக்கினால் கதவு கையோடு வந்துவிடும். பெரிய சாமான் ஏற்றும்போது உரிமையாளர் எளிதாகக் கழற்ற வேண்டும் என்றே அவ்வாறு அமைத்தனர். உரிமையாளருக்கு எளிதானது பிறருக்கும் எளிது. அங்குள்ளோர் கண்டுபிடித்த மாற்று மிக மலிவானது. தண்ணீர்க் குழாயை இறுக்கும் எஃகு வளையம் ஒன்றை அக்கிண்ணத்தின் வாயைச் சுற்றிப் போட்டு முறுக்கிவிடுவதே அது. வளையத்தின் திருகுத் தலை உட்புறம் நோக்கி இருந்தால் கை எட்டாது. கதவு முன்போலவே திறந்து மூடும். தூக்கினால் மட்டும் வாராது.

பட்டா வண்டியிலும் லொறியிலும் அமைப்பு வேறு. அங்கே கதவுப் பலகை இரும்பு ஊசிகளில் தொங்குகிறது. ஊசியின் முனையில் உள்ள சிறு பிளவு முளையை நிமிர்த்தி இழுத்தால் ஊசி வெளியே வரும், பலகை விழும். ஊசியின் முனையில் ஒரு வட்டத் தகட்டை வைத்து வெல்டிங் பொட்டு ஒன்று இட்டுவிட்டால் போதும். வெல்டிங் செய்யுமுன் பற்றரியின் இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவைக்க வேண்டும். எண்ணெய்த் தாங்கிக்கு அருகில் தீப்பொறி படவே கூடாது. அவசரத்தில் இதை மறந்து, திருடன் செய்யாத சேதத்தைத் தாமே செய்துகொண்டோரும் உண்டு.

மாற்றுச் சில்லு பெரும்பாலும் தட்டின் கீழே, சங்கிலியிலோ உருக்குக் கயிற்றிலோ தொங்குகிறது. வண்டியின் பின்புறத்தில் உள்ள ஒரு துவாரத்தினூடே நீண்ட கம்பியைச் செலுத்திச் சுழற்றினால் சில்லு மெல்லக் கீழே இறங்கும். துவாரத்தைப் பூட்டால் அடைக்கலாம். ஆனால் கயிற்றை வெட்டுவோருக்கு அது தடையாகாது. ஆகவே சில்லின் உலோக வளையத்திலுள்ள துளையூடாக ஒரு தடித்த சங்கிலியைச் செலுத்தி, வண்டியின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டுவதே நலம். பூட்டுத் தொங்கும் இடம் முக்கியம். அது கீழே தரையை நோக்கித் தொங்கினால், இரும்புத் தண்டு ஒன்றைக் கொடுத்து நெம்ப வசதியாகும். சட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவே, கைமட்டும் நுழைந்து தண்டு நுழையாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

பற்றரியின் காவலே எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது. கெப் வண்டியில் அது பெரும்பாலும் முன்மூடியின் கீழ் இருக்கும். பட்டாவிலும் லொறியிலுமோ தட்டின் கீழ், வண்டியின் பக்கவாட்டில், உலகமெல்லாம் காண வெளியே இருக்கும். இரண்டு திருகாணிகளும் ஒரு பட்டையுமே அதைப் பிடித்திருப்பவை. பத்தாம் இலக்கச் சாவி ஒன்று கையிலிருந்தால் அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை. அதனாற் பலரும் இரும்புத் தகட்டால் ஒரு கூடு செய்து பூட்டி வைக்கின்றனர். கூடு செய்யும்போது மூன்று காரியங்களை மறக்கலாகாது. மூடியின் கீல் உட்புறமாக இருக்க வேண்டும். வெளியே இருந்தால் பூட்டை விட்டுவிட்டுக் கீலை உடைப்பான். கூட்டை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் திருகாணிகளின் தலை, மூடி பூட்டியிருக்கையில் எட்டாதபடி கூட்டுக்குள்ளேயே அமைய வேண்டும். மூன்றாவது, கூட்டிலே காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். பற்றரிக்கு மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படுகிறது; அது தீப்பற்றும் தன்மையது. துளையில்லாக் கூட்டில் அது தேங்கி நின்றால் ஒரு சிறு பொறியே வெடிப்புக்குப் போதும். அதோடு, மின் இணைப்பு முனைகள் கூட்டின் இரும்பைத் தொடாதவாறு பழைய டியூப் இறப்பரை வெட்டி உள்ளே ஒட்டிவிட வேண்டும்.

ஆயுதப் பெட்டி, கூடாரக் கம்பி, பக்கச் சட்டங்கள் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்கும் வழியுண்டு. அறுகோணக் குழியுடைய தலையாயின், அக்குழிக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சிறு எஃகுக் குண்டைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டால் சாவி நுழையாது. கழற்ற வேண்டிய நாளிலே கராஜில் அதைக் குடைந்தெடுக்கலாம். சிலர் திருகாணியின் வெளிமுனையை அடித்து விரித்துவிடுவர். அதுவும் நன்றே, ஆனால் அடிக்கடி கழற்றவேண்டிய இடத்தில் அவ்வாறு செய்தால் தமக்கே தண்டனை.

படங்கைப் பூட்டி வைக்க முடியாது. மலையகத்தில் படங்கு இல்லாத லொறி கூரையில்லாத வீடு போன்றது. நனைந்த கொழுந்து வாடும் பதம் கெடும், உரம் கரையும், சீமெந்து கல்லாகும். இரவில் வெற்று வண்டியை நிறுத்தும்போது படங்கையும் கயிற்றையும் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோவதே முதல் வழி. நனைந்த படங்கைச் சுமந்து நூறு படி இறங்குவது எளிதன்று என்பது உண்மையே. ஆதலின் இரண்டாம் வழியாக அடையாளமிடுதல் வேண்டும். இங்கே பழைய தேயிலைப் பெட்டி ஒரு பாடம் கற்பிக்கிறது. மரப்பெட்டியில் தேயிலை அனுப்பிய காலத்தில் தொழிற்சாலையில் தகட்டச்சு வைத்து, தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பட்டியல் இலக்கம், நிறை ஆகியவற்றை மையால் பதிப்பர். அப்பெட்டி இலண்டனுக்குப் போனாலும் எத்தோட்டத்தது என்பது மறையாது. காகிதச் சாக்கு வந்த பின்னும் அம்முறை மறையவில்லை. படங்குக்கும் அவ்வாறே தகட்டச்சு வெட்டி, வண்டியின் இலக்கத்தை நெய்வண்ணத்தால் பதிக்கலாம். ஓரத்தில் மட்டும் பதித்தால் அவ்வோரத்தை வெட்டி எறிந்துவிடுவர். நடுவிலே, பெரிய எழுத்தில், இரண்டு மூன்று இடங்களில் பதித்த படங்கை வெட்டினால் அது படங்காகவே இராது. சில்லின் உட்புறத்திலும் பற்றரியின் உடலிலும் சூடேற்றிய கம்பியாலோ கூரிய ஊசியாலோ அதே இலக்கத்தைக் கீறலாம். ஈய முத்திரையின் தொழிலும் இதுவே. கள்ளச் சரக்கு வாங்கப் பழகிய கடைக்காரர் கூட, பிறர் இலக்கம் முகத்தில் எழுதியிருக்கும் பொருளை எடுக்கத் தயங்குவார்.

பூட்டைப் பற்றியும் ஒரு சொல். மலைநாட்டில் பூட்டுக்குப் பகைவர் இருவர்: ஒருவன் திருடன், மற்றது ஈரம். சமவெளியில் ஐந்தாண்டு உழைக்கும் பூட்டு இங்கே இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். இறுகிய பூட்டை ஒருநாள் உரிமையாளர் தாமே உடைப்பார். பிறகு வேறொன்று வாங்க மாட்டார். இதைத் தவிர்க்க, டியூப் இறப்பரில் ஒரு பட்டை வெட்டிப் பூட்டின்மேல் முக்காடு போலத் தொங்கவிட வேண்டும். மாதம் ஒருமுறை சிறிது எண்ணெய் இடவேண்டும். வளையம் நெடிதாய் வெளியே தெரியும் பூட்டு பார்வைக்குப் பெரிதாக இருப்பினும் வெட்ட எளிது. தோள் உயர்ந்து வளையத்தை மறைக்கும் பூட்டே உறுதியானது.

வண்டியை நிறுத்தும் முறைக்குக் காசு செலவில்லை. பின்கதவு மண்மேட்டையோ சுவரையோ ஒட்டி நிற்கும்படி பின்னோக்கி நிறுத்தினால் கதவு திறக்க இடமிராது. பின்புறத்துத் துவாரத்தில் சில்லிறக்கும் கம்பியை நுழைக்கவும் இயலாது. பற்றரி உள்ள பக்கத்தைச் சுவரோரமாக விடலாம். சரிவான இடமாயின் முன்சில்லை மேட்டுப்பக்கம் திருப்பி, கல் அணை கொடுக்க வேண்டும் என்பதை மலைநாட்டுச் சாரதிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கைந்து வண்டிகள் ஒரே இடத்தில், கோயில் விளக்கின் வெளிச்சத்தில் நின்றால், தனித்தனியே நிற்பதைவிடக் காவல் மிகும்.

நகரத்தார் கண்காணிப்புக் கமராவை நம்புகின்றனர். அது மலையில் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை. இருளில் பார்க்கும் கமரா, கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் செங்கீழ் ஒளியைத் தானே வீசி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. மூடுபனி இறங்கிய இரவில் அவ்வொளி பனித்துளிகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். காலையில் பதிவைப் பார்த்தால் வெள்ளைத் திரை ஒன்றுதான் தெரியும். ஒளிவிளக்கைக் கமராவிலிருந்து சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் அமைத்தால் ஓரளவு பயன் உண்டு. லயத்து நாயோ பனியிலும் மோப்பம் பிடிக்கும். அதற்கு மின்வெட்டும் இல்லை.

வட்டகொடையைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கும் கொழும்புப் பக்கத்துச் சந்தைகளுக்கும் செல்லும் வண்டிகளின் நிலை வேறு. அவை இரவில் ஓடுபவை. சாரதி இருக்கையிலேயே சாய்ந்து இரண்டு மணி நேரம் உறங்கும்போது, பின்னால் கயிறு அறுபடுவது அவருக்குத் தெரியாது. முற்காலத்தில் ஒவ்வொரு லொறியிலும் கிளீனர் என்று ஒரு பையன் இருந்தான். துடைப்பதும் அணைக்கட்டை போடுவதும் அவன் வேலை என்று கூறப்பட்டாலும், தட்டின்மேல் படுத்துறங்குவதே அவனுடைய பெரிய வேலை. கூலி மிச்சம் என்று அவனை நிறுத்திய பின்னர் அக்காவலும் நின்றது. அவனுக்குப் பதிலாக வேறு எதுவும் வைக்கப்படவில்லை. தனித்துச் செல்லும் சாரதிகள் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள எண்ணெய் நிலையத்திலோ தேநீர்க் கடை வாசலிலோ, தமக்குத் தெரிந்த வண்டிகளோடு சேர்ந்து நிறுத்துவதே செய்யத்தக்கது.

பொருள் போவது ஒரு நட்டம். அதைத் தொடர்ந்து வருவது அதனினும் பெரிது. காலையில் பற்றரி இல்லை என்று தெரிந்தவுடன் தோட்டத்தில் முதலில் தேடப்படுவது பொருளன்று, ஒரு பெயர். வேலையில்லாமல் பாலத்தடியில் உட்கார்ந்திருக்கும் இளைஞன், முன்னொரு முறை ஏதோ ஒரு வழக்கில் அழைக்கப்பட்டவன், வெளித் தோட்டத்திலிருந்து பெண்ணெடுத்து வந்து குடியேறியவன் என்று யாரேனும் ஒருவனுடைய பெயர் பீலிக்கரையிலும் பெரட்டுக் களத்திலும் ஒரு மணி நேரத்தில் பரவிவிடும். பத்து லயங்கள் ஒரே கூரைத் தொடரில் வாழும் இடத்தில் அப்பெயரைத் துடைக்க வழியில்லை. பிறகு உண்மைத் திருடன் வெகுதூரத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்தாலும், பெயர் சொல்லப்பட்டவனின் தாய் அந்த வீட்டாரோடு மீண்டும் பேசுவதில்லை. எழுநூறு எண்ணூறு ரூபாய்ச் சங்கிலி வாங்கத் தயங்கியதன் விலை சில வேளைகளில் இரண்டு குடும்பங்களின் உறவாக முடிகிறது. அறுபட்ட சங்கிலியும் உடைந்த பூட்டும் இருந்தால், கருவிகொண்டு வந்தவனின் வேலை அது என்பதாவது தெரியும். திறந்து கிடந்த வண்டியில் எவர்மேலும் ஐயம் விழும்.

ஆகவே களவு நடந்தால் வதந்திக்கு முன்னே பொலிஸ் நிலையத்துக்குச் செல்வது நன்று. 119 என்னும் அவசர இலக்கத்துக்கு அழைத்துத் தெரிவிக்கலாம். ஆயினும் முறைப்பாட்டை எழுத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். பொருளின் வகை, வாங்கிய நாள், தொடரிலக்கம், இட்ட அடையாளம் ஆகியவற்றைச் சொன்னால்தான் பின்னர் ஓரிடத்தில் அது அகப்படும்போது உரிமை நாட்ட முடியும். 'ஒரு பற்றரி, கறுப்பு நிறம்' என்று எழுதிய முறைப்பாட்டால் எவருக்கும் பயனில்லை. பற்றுச்சீட்டையும் தொடரிலக்கத்தையும் கைப்பேசியில் முன்கூட்டியே படமெடுத்து வைத்திருப்போருக்கு இது சிரமமன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எழுதப்பட்டது வேற்று மொழியிலாயின், கையொப்பமிடுமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். ஐயத்துக்குரியவர் என்று தாம் சொல்லாத பெயர் அதில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை களவு செய்தவனை மட்டுமன்றி, களவுப்பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையின்றி வாங்கி வைத்திருப்பவனையும் குற்றவாளியாகக் கொள்கிறது. மலிவு விலைக்கு ஆசைப்படுவோர் இதை அறிந்திருப்பது நலம். காப்புறுதியைப் பொறுத்தவரை, கட்டாயமாக எடுக்கவேண்டிய மூன்றாந் தரப்புக் காப்புறுதி பிறருக்கு நேரும் சேதத்துக்கே உரியது. தம் பொருள் களவுபோனால் அதிலிருந்து ஒரு சதமும் வாராது. முழுக் காப்புறுதி எடுத்தவரும், பின்னர் தாமே பொருத்திய கூடாரம், பெட்டி முதலியவற்றை நிறுவனத்துக்கு அறிவித்து ஒப்பந்தத்தில் சேர்த்தாரா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சியிருப்பது சாவி. இத்தனை பூட்டும் போட்ட பின்னர் சாவிக் கொத்தை ஒருவர் மட்டும் வைத்திருப்பது மலையகத்துக்கு ஒவ்வாது. இரவு ஒரு மணிக்கு லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரும். உரிமையாளர் கொழும்புக்குப் போயிருப்பார். அயல்வீட்டார் வண்டியை எடுத்து, பூண்டுலோயாப் பாதையின் வளைவு ஒன்றில் டயர் வெடித்து நிற்கும்போது, மாற்றுச் சில்லின் சங்கிலியைத் திறக்க வழியில்லாதிருந்தால் அப்பூட்டு எவரைக் காத்தது? சில்லின் பூட்டுக்கும் பற்றரிக் கூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும் சோடிப் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு சாவி சாரதியின் கொத்தில் இருக்கட்டும். மற்றொன்று வீட்டுச் சாமிப்படத்தின் பின்னால், வீட்டுக்காரிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும்.